ஃபேன் சத்தம் கேட்ட பிறகு

என்னங்க,

பட்டறைக்குக் கிளம்பிட்டேன். நேத்து சென்சார் மாத்தியும் வண்டி மறுபடி சூடேறின கோபத்துல சாப்பிடாமலே படுத்துட்டீங்க. உங்க பங்கு அடுப்பு மேல மூடி இருக்கு, சுட வச்சுச் சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரியிலேர்ந்து அப்பாவைக் கூட்டிட்டு வரப் போங்க.

காலையில அவர் வண்டியோட பானெட்டைத் திறந்து பார்த்தேன். நீங்க மாத்தினது எஞ்சின் மேல இருக்கிற ஒத்தை வயர் சென்சார். அது சூடு காட்டுற மீட்டர் முள்ளுக்கு மட்டும்தான். எஞ்சினைக் குளிர வைக்கிற ஃபேனை ஓட விடுற சுவிட்ச் ரேடியேட்டர் அடியில, ரெண்டு வயரோட இருக்கு. இந்த மாதிரி பழைய வண்டியில ரெண்டும் தனித்தனி. வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் இதுல ஏமாந்திருக்கேன்.

அந்த ரெண்டு வயரையும் இப்போதைக்குச் சேர்த்து முறுக்கி டேப் ஒட்டியிருக்கேன். சாவியைத் திருப்பினதும் ஃபேன் ஓடணும். சத்தம் கேட்கலைன்னா வண்டியை எடுக்காதீங்க, டாக்சி பிடிங்க.

அப்பா கேட்டா, நீங்க சரி பண்ணினதாவே இருக்கட்டும்.

பி.கு.: இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதை அவர்கிட்ட நான் இன்னும் சொல்லல. ஆஸ்பத்திரி வாசல்ல பழக்கத்துல ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத்தான் திறப்பார். தடுக்காதீங்க. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும். சாவி மட்டும் உங்க பையிலயே இருக்கட்டும்.