கல்யாணச் சட்டி

அத்லிஸ்கோ
வியாழக்கிழமை

அன்பு மகன் உரியேலுக்கு அம்மா எர்மெலிந்தா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் உன் தங்கையும் நலம் என்று சொல்லும்படி இருக்கிறோம், நீயும் மருமகள் லிஸ்பெத்தும் அந்த நியூயார்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். எழுதிக்கொள்வது என்று சொன்னேனே தவிர எழுதுவது நயெலிதான். சனிக்கிழமைச் சந்தைக்குச் செடி நட்டுக்கொண்டே சொல்கிறேன், இரண்டு கையும் மண். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவது நான். சம்பளமில்லாத வேலை, அதனால் என் வாயையும் இலவசமாகச் சேர்த்திருக்கிறேன்.)

கல்யாணப் படம் வந்து சேர்ந்தது. லிஸ்பெத் களையான பெண், இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொல். உன் அப்பா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சட்டை புதுசு போலிருக்கிறதே என்று மட்டும் சொன்னார். நான் பார்த்தது உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் நின்றதை. நீ கிளம்பும்போது நம் கல்ரோஜாச் செடியின் ஓர் இலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனாயே, அதுதானே அது, உயிரோடு இருக்கிறதே என்று சந்தோஷம், ஆனால் வெயில் தேடிக் கழுத்து நீண்டு நிற்கிறது, அதைப் போய்க் கண்ணாடி ஊறுகாய் ஜாடியில் வைத்திருக்கிறாய். எந்தப் பாத்திரம் நல்லது என்று போனில் கேட்டாய், அன்றைக்குப் போனை நயெலியிடம் கொடுத்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். கண்ணாடி வேண்டாம், தண்ணீர் போக வழியில்லாமல் அடியில் நிற்கும், இலை வாடி உனக்குத் தெரிவதற்குள் வேர் அழுகிப்போயிருக்கும். பளபளவென்று மெருகு போட்ட கோப்பையும் அதே கதைதான். மெருகு போடாத மண்சட்டி கிடைத்தால் நல்லது, மிச்ச ஈரத்தை அது குடித்துவிடும். கிடைக்காவிட்டால் மிளகாய் வரும் தகர டப்பா போதும், அடியில் ஆணியால் ஓட்டை போடு, ஆனால் உள்ளிருந்து வெளியே அடி, வெளியிலிருந்து அடித்தால் ஓட்டையின் உதடு உள்ளே எழும்பித் தண்ணீரை மறித்துக்கொள்ளும். செடியைவிட இரண்டு விரல் அகலம் இருந்தால் போதும், சின்னச் செடிக்குப் பெரிய பாத்திரம் கொடுக்காதே, வேர் எட்டாத மண் காயவே காயாது. (தகரத்தை வைத்து இந்த வீட்டில் தினமும் தகராறு. மத்தி மீன் டப்பா, பால்மாவு டப்பா எல்லாம் தீர்ந்து அப்பாவின் பூட்ஸில் ஒன்று நட்டேன். அது பழைய பூட்ஸ் இல்லையாம்.)

எனக்குக் கொஞ்ச நாளாக அலுப்பாக இருக்கிறது, மகனே. நோய் ஒன்றுமில்லை. நம் எரிமலை டான் கோயோ வேறு மறுபடி புகைய ஆரம்பித்துவிட்டார், காலையில் எழுந்தால் எல்லாச் செடி மேலும் மலைச் சாம்பல், ஒவ்வோர் இலையாகத் தூரிகையால் தட்டி முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடுகிறது, முடித்து நிமிர்ந்தால் மறுபடி சாம்பல்.

இனி சட்டி விஷயம். உன் ஞானஸ்நானத்துக்கு மோலே குழம்பு வைக்க வாங்கினோமே, அந்தப் பெரிய சட்டி. பூகம்பத்தில் சமையலறைச் சுவரில் தொங்கிய எல்லாச் சட்டியும் விழுந்து நொறுங்க அது மட்டும் ஆணியில் அப்படியே நின்றது, அன்றைக்கே நான் சொன்னேன், இனி இதில் உரியேல் கல்யாணத்துக்குத்தான் மோலே கொதிக்கும் என்று. அதற்குப் பிறகு யாருக்கும் இரவல்கூடக் கொடுக்கவில்லை. இப்போது கல்யாணம் அங்கே பதிவு ஆபீஸில் முடிந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, அந்த நாட்டுக் காகிதம் இல்லாமல் நீ இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சட்டி தினமும் கண்ணில் படுகிறது. சதுக்கத்தில் புதிதாக வந்த ஹோட்டல்காரி வாசலில் வைக்கக் கரி பிடித்த பெரிய சட்டியில் சதைச்செடிகள் வேண்டும் என்றாள், புதுச்சட்டி வேண்டாமாம், அடுப்பில் கிடந்ததுதான் அழகாம். உன் ஞானத்தாய் ஒப்துலியா, “சும்மா தொங்கிக்கிட்டு உன்னைப் பார்த்து அழுவுது, குடுத்துத் தொலையேன்டி” என்றாள். சரி, ஓட்டை போட்டுக் கொடுங்கள் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். ஓட்டை விழுந்தால் அப்புறம் அதில் சமையல் கிடையாது, அது அவருக்கும் தெரியும். ஊரெல்லாம் வீடு கட்டும் இந்தக் கொத்தனாருக்கு அன்று ட்ரில் முனை மழுங்கிவிட்டது. மறுநாள் ஒயர் சரியில்லை. அதற்கு மறுநாள் கரண்ட் இல்லை. (கரண்ட் இல்லாமலே டிவியில் கால்பந்து ஓடியது. அதிசயம்தான்.)

கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தானாகவே சட்டியை இறக்கினார். முற்றத்தில் கவிழ்த்து வைத்து விரல் முட்டியால் தட்டினார். நல்ல சட்டி என்றால் மணி மாதிரிக் கேட்க வேண்டும், கேட்கவில்லை. இன்னொரு பக்கம் தட்டினார், பலகையைத் தட்டுவது மாதிரி இருந்தது. கரியைச் சுரண்டிப் பார்த்தால் விளிம்பிலிருந்து அடி வரைக்கும் முடி மாதிரி ஒரு கீறல், கீறலுக்குள்ளும் பழைய தூசி. “இது அன்னிக்கே போயிருக்கு எர்மெலிந்தா. நாமதான் தட்டிப் பார்க்கலை” என்றார். பூகம்பத்தைச் சொன்னார். இத்தனை வருஷமாக உடைந்த சட்டியை வைத்துக்கொண்டா காத்திருந்தேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. நீ வந்திருந்தால் ஊர் முன்னால் மோலே முழுக்க அடுப்பில் ஒழுகியிருக்குமே என்று நினைத்துக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. (வான்கோழி மட்டும் பிழைத்தது. உன் கல்யாணத்துக்கென்று வளர்த்தது, இப்போது என் காலைக் கொத்துவதையே தொழிலாக வைத்திருக்கிறது.)

ஹோட்டல்காரிக்கு ஒப்துலியா தன் சட்டி ஒன்றைக் கொடுத்தாள். நம் சட்டியில் உன் இலையின் தாய்ச்செடியையும் அதன் குட்டிகளையும் நெருக்கி நெருக்கி நட்டு வாசலில் வைத்திருக்கிறேன், பெரிய சட்டியாக இருந்தாலும் கூட்டமாக இருந்தால் வேர் எல்லா இடத்துக்கும் எட்டிவிடும். ட்ரில்லுக்கு வேலையில்லை, கீறல் வழியே தண்ணீர் தானாகப் போய்விடுகிறது. அத்தோடு விஷயம் முடிந்தது என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமை உன் அப்பா சந்தையிலிருந்து ஒரு புதுச்சட்டியை முதுகில் கட்டிக்கொண்டு வந்தார். உட்கார்ந்து அடிப்புறம் முழுக்கப் பூண்டைத் தேய்த்தார், சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினார், சமையலுக்குப் பழக்குகிற சட்டிக்குச் செய்வது மாதிரியே. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

பனி நேரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றாதே. லிஸ்பெத்திடம் கோபமாகப் பேசாதே, அவளுடைய அம்மாவுக்கும் ஒரு வரி எழுது. அந்த ஊறுகாய் ஜாடியிலிருந்து செடியை இன்றைக்கே எடுத்துவிடு. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
எர்மெலிந்தா

(அம்மா கை கழுவப் போயிருக்கிறாள், எழுதாதே என்று சொன்னதை எழுதுகிறேன். அப்பா வாங்கி வந்த சட்டி பழையதைவிடப் பெரியது. உள்ளே உட்கார்ந்து பார்த்தேன், இன்னும் இடம் இருந்தது.)