காணாமல் போகாத குதிரை

கோக்-ஜார்
மார்ச் ஒன்பது

என் மகன் மிர்லானுக்கு அப்பா அசன்குல் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, சாம்பல் குதிரை, கறுப்புப் பசு எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அதில் பசுதான் எல்லோரையும்விட நன்றாக இருக்கிறது. நீயும் அப்படியே இருப்பாய் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், பேனா ஓடவில்லை. நீ அந்தப் பெரிய நகரத்தில் எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று காட்டிக் கொடுக்க மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆனால் உன் அறையில் உன்னைத் தவிர ஒருவன்தான் இருக்கிறான், அவன் குறட்டை விடுவதாக நீயே சொல்லியிருக்கிறாய். கிடங்கு வேலை இல்லாத நாளில் திரையைக்கூட விலக்காமல் படுத்தே கிடக்கிறாயாம், பாக்கெட் நூடுல்ஸும் சீனிபோட்ட டீயும்தான் சாப்பாடாம், பேசினால் பதில் வருவதில்லையாம். அவனைக் கோபிக்காதே. அவன் போனில் அழாத குறை. போனில் கேட்டால் நீ நல்லா இருக்கேன்பா என்பாய், நானும் நல்லா இருக்கேன்டா என்பேன், இரண்டு பொய்யர்களும் சந்தோஷமாகப் போனை வைத்துவிடுவோம். அதனால்தான் எட்டு வகுப்புப் படித்த கையால் இந்தக் கடிதம். பிழை இருந்தால் உன் அம்மா மேல் போடு, அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவசரப்படுத்துகிறாள்.

கண்ணில் புரை என்று போன இலையுதிர் காலத்தில் நான் ஓட்டிக்கொண்டிருந்த பால் வண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள், அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டோம். நான் சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. சுவர்க் கம்பளத்தில் எத்தனை ஆட்டுக்கொம்பு நெய்திருக்கிறது என்று கேள், நூற்றுப் பன்னிரண்டு, அதில் ஒன்று கோணல். உன் அம்மா முதலில் கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு ஒருநாள், என்னங்க, கொம்பை எண்ணி முடிச்சாச்சுன்னா எழுந்து அந்த ஆட்டை மேய்ச்சுட்டு வாங்க என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை மிர்லான். உன் அம்மாவின் பேச்சுக்குச் சிரிப்பு வரவில்லை என்றதும் எனக்கே பயம் வந்துவிட்டது. அதற்கு முன்னால், இப்படியே ஒருநாள் விடியாமல் போனால் நல்லது என்றுகூட நினைத்திருக்கிறேன். இதை உன் அம்மாவிடம் சொன்னது போன மாதம்தான், உன்னிடம் சொல்வது இப்போதுதான்.

அந்தப் பயத்தில் உன் அம்மாவோடு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருக்கும் டாக்டர் ஜிபார் உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த பெண், சின்ன வயதில் நம் வேலியில் ஏறி ஆப்பிள் திருடியவள், இப்போது என் நாக்கை நீட்டச் சொல்கிறாள். இது சோம்பல் இல்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை, இதுக்குப் பெயர் மனச்சோர்வு மாமா, இதுவும் ஒரு நோய் என்றாள். பிறகு ஒரு நாளைக்கு எத்தனை கிண்ணம் டீ என்று கேட்டாள். குடிக்கிறதை யார் எண்ணுவா என்றேன். பதினாலு, கிண்ணத்துக்கு மூணு கட்டி சீனி என்றாள் உன் அம்மா, பின்னாலிருந்து. கீரை சாப்பிடுவீங்களா என்றாள் ஜிபார். கீரையை ஆடு சாப்பிடுது, ஆட்டை நான் சாப்பிடறேன், எப்படியும் வயித்துக்குள்ள வந்துடுதே என்றேன். அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள். காலையில் முட்டை, மதியம் பீன்ஸ், வாரம் இரண்டு நாள் மீன், கையளவு வால்நட், பீட்ரூட், கேரட், வோட்கா கிடையாது, சாயங்காலத்துக்குப் பிறகு டீ கிடையாது, தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும், காலை வெயிலில் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும், ஒரு மாத்திரை. முட்டை தின்னா துக்கம் போயிடுமா என்று கேட்டேன். போகாது மாமா, ஆனா வெறும் டீயில உங்க மூளை என்னத்தை வச்சு வேலை செய்யும், சாப்பாடும் நடையும் மாத்திரையும் மூணு மாடு, ஒண்ணை அவிழ்த்துவிட்டா வண்டி நகராது என்றாள். ஆப்பிள் திருடிக்கு இவ்வளவு வாய்.

சாப்பாடு பிரச்சினை இல்லை, உன் அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டை அடுப்புக்கு மேலே ஒட்டிவிட்டாள். நடைதான் பிரச்சினை. இந்த ஊரில் ஒரு மனிதன் சும்மா நடக்க முடியுமா சொல். முதல் நாள் எதிர்வீட்டு சபிர்பெக்கின் வாசல் வரைதான் போனேன், எங்கடா போறே என்றான், சும்மா என்றேன், பிணம் எழுந்து நடப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்தான். இரண்டாம் நாள் என்னை ஏற்றிக்கொள்ள மூன்று வண்டிகள் நின்றன. நாலாவது வண்டிக்காரன் என்னைக் கேட்காமலே கையைப் பிடித்து ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அண்ணி, அண்ணனைப் பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் எனக்கு மூளை வேலை செய்தது, முட்டைதான் காரணமாக இருக்க வேண்டும். ஆணியில் தொங்கிய கடிவாளத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். கையில் கடிவாளத்தோடு நடக்கிறவனை இங்கே யாரும் ஒன்றும் கேட்பதில்லை, குதிரையைத் தேடுகிறான் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். நிறம் மட்டும்தான் கேட்டார்கள், சாம்பல் என்றேன். சாம்பலன் நம் கொட்டிலில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தான்.

இரண்டு வாரம் ராஜா மாதிரி நடந்தேன். பாலம் வரை, பிறகு ஆற்றங்கரை, பிறகு மேட்டு மேய்ச்சல் வரை. பசி எடுக்க ஆரம்பித்தது, தூக்கம் வந்தது. ஆனால் ஊர் சும்மா இருக்குமா. சபிர்பெக் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பனிச் சேற்றில் கணவாய் அடிவாரம் வரை போய், யாருடையதோ ஒரு சாம்பல் பெண்குதிரையை இழுத்து வந்து நம் வாசலில் கட்டிவிட்டான். அசன்குல், உன் குதிரையை ஓநாய் வாயிலேருந்து மீட்டிருக்கேன், ஆட்டை அறு என்று கத்தினான். அந்த நேரம் பார்த்துக் கொட்டிலுக்குள்ளிருந்து சாம்பலன் கனைத்தான், பெண்குதிரை வாசனை. வாசலில் இருந்த பத்துப் பேரும் கொட்டிலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். இன்னொரு பொய் யோசித்தேன், வரவில்லை. குதிரை காணாம போகலப்பா, நான்தான் காணாம போயிட்டேன், மனசுக்கு நோய், டாக்டர் நடக்கச் சொன்னா, வெட்கமா இருந்துச்சு என்றேன். அப்புறம் சபிர்பெக் சிரிக்க ஆரம்பித்தான், சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான், மடையா, என் இடுப்பு ஒடிஞ்சுதேடா என்றான். நான் உள்ளே போய்ப் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்தேன். எல்லாம் முடிந்தது, இனி வெளியே தலைகாட்ட முடியாது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் உன் அம்மா வந்து, என்னங்க, வாசல்ல ஆள் நிக்குது என்றாள். சபிர்பெக். கையில் கடிவாளம். என் குதிரையும் காணோம்டா, வா தேடலாம் என்றான். அவன் குதிரை எதிர்ப்பக்கம் அவன் வீட்டுக் கம்பத்தில் கட்டியபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் தம்பி இறந்ததிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை என்று பாலம் தாண்டிய பிறகுதான் சொன்னான். நான் பையிலிருந்த வால்நட்டில் பாதியைக் கொடுத்தேன். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இப்போது நாங்கள் நாலு பேர். குழாயடியில் பெண்கள், குதிரை தொலைச்சவங்க போறாங்க, அண்ணே, இன்னைக்காவது கிடைச்சுதா என்று கேலி செய்கிறார்கள். நாங்களும் வால் மட்டும் தெரிஞ்சுது என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன வாரம்கூட இரண்டு நாள் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் சபிர்பெக் வந்து போர்வையை உருவினான். அதனால் உனக்குச் சொல்கிறேன், நான் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்றில்லை, ஆனால் என் ரத்தம்தானே உனக்குள் ஓடுகிறது, அந்தக் கோணல் கொம்பும் வந்திருக்கும். லீவு போட்டு ஒரு டாக்டரைப் பார். எனக்கு வந்த விடியாத நினைப்பு உனக்கும் வந்தால் அன்றைக்கே பார், எனக்கும் போன் செய், எந்த நேரமானாலும் பரவாயில்லை. மற்றதெல்லாம் மெதுவாக. எழுந்ததும் திரையை விலக்கு. ஒரு முட்டை அவி, குறட்டைக்காரனுக்கும் ஒன்று சேர்த்து அவி, அவனையும் நடக்கக் கூப்பிடு.

பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பும் மூட்டையில் வால்நட், உலர்ந்த ஆப்ரிகாட் பழம், வறுத்த பார்லி மாவு, அம்மா பின்னிய காலுறை எல்லாம் இருக்கிறது. அடியில் துணியில் சுற்றி ஒரு கடிவாளம் இருக்கிறது. இங்கே எல்லோரும் எங்கே போறே என்று கேட்கிறார்கள், அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள், அதுதான் உன் கஷ்டம் என்று நினைக்கிறேன். அதைப் பையில் போட்டுக்கொண்டு தினமும் ஆற்றங்கரைவரை நட. யாராவது கேட்டால் நிறம் சாம்பல் என்று சொல். அது சாம்பலனுடைய ஒரே கடிவாளம், வேறு இல்லை. கோடையில் நீ அதைக் கொண்டுவந்து மாட்டிவிடும்வரை என்னால் அவன்மேல் ஏற முடியாது, நான் நடந்தே ஆக வேண்டும். இப்போது சபிர்பெக் என் வெறுங்கையைப் பார்த்து, உன் குதிரை கிடைச்சுருச்சாடா என்கிறான், இல்லடா, தேட மகனை அனுப்பிருக்கேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கால் போகிற வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும், உன் கிண்ணம் நிறைந்திருக்கட்டும். காலுறையை மடித்து வைக்காமல் போட்டுக்கொள் என்று அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

கோடையில் உன்னை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,
உன் அப்பா,
குதிரை தொலைத்த அசன்குல்