கூப்பிடுபெட்டி

பதிவு 1. மாலை 7.00. படகு.

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவான்களுக்கு: கடலில் கரைந்த உப்பெல்லாம் சாட்சியாகச் சொல்கிறேன், இனி நீங்கள் கேட்கப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பவும் வேண்டாம். பேசுவது தனிஸ்லாஸ், ஆய்வுப் படகின் ஒலிக்கருவிப் பொறியாளன், ஏழு கடலும் எழுந்து நின்று வணக்கம் வைக்கும் ஆள். முகமூடிக்குள் இருக்கும் மைக் என் பேச்சைப் பதிந்துகொள்கிறது.

பணி எளியது. செத்துப்போன பவளப்பாறையின் அருகே நாங்கள் வைத்த கூப்பிடுபெட்டியை அணைக்க வேண்டும். உயிருள்ள பாறையின் சத்தத்தை அது ராத்திரியில் ஒலிபரப்பும். குஞ்சு மீன்கள் வீடென்று நம்பி வரும். எந்தச் சத்தத்துக்கு எது வருகிறது என்று பெட்டி தானே கற்றுக்கொள்ளும். செய்தவன் நான்தான். கொஞ்ச நாளாக நாங்கள் சொல்லித்தராத சத்தமெல்லாம் போடுகிறது.

வழக்கமாக இறங்கும் ஆரோக்கியம் காதுவலி என்று படுத்துவிட்டார். எந்தக் காது என்று கேட்டால் முழிக்கிறார். எனக்கு அங்கேயே சந்தேகம். என் அக்கா மகள் பிளாவியா முங்குவதில் கெட்டிக்காரி. ஆனால் கடும் சளி. இந்த நிலையில் இறங்கினால் காதுச் சவ்வு கிழிந்துவிடும். ஆகவே நான். இருநூறு முறை ராத்திரியில் முங்கியவன் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன் அல்லவா?

பதிவு 2. 7.20. ஆழம் ஐந்து மீட்டர்.

இறங்குகயிற்றைப் பிடித்திருக்கிறேன். கையை அசைத்தால் தண்ணீரில் நீலப் பொறி பறக்கிறது. சற்று முன் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் நீளத்தில் ஒரு சுறா கடந்தது. என்ஜின் போய்விட்டது, கடைசிப் பெட்டிக்காகக் காத்திருக்கிறேன். அதட்டினேன். மன்னிப்புக் கேட்டது.

நீரடித் தொலைபேசி வேலை செய்கிறது. பேச்சு தண்ணீரில் சத்தமாகவே போகும். காது உள்ள எதுவும் கேட்கலாம்.

படகிலிருந்து பிளாவியா: "மாமா, அது என்ன கடகடன்னு சத்தம்?"

நான்: "சுறா பல்லைக் கடிக்குது புள்ள."

படகோட்டி கொஸ்மாஸ்: "அது அண்ணாச்சி பல்லு!"

பதிவு 3. 7.35. ஆழம் பதினாறு மீட்டர். தரை.

விளக்கின் வட்டம்தான் உலகம். கிளிமீன் ஒன்று தன்னைச் சுற்றிச் சளியால் பை கட்டிக்கொண்டு தூங்குகிறது. சிங்கி இறால்கள் மீசையை ஆட்டுகின்றன. எல்லா மீசையும் ஒரே பக்கம் பார்க்கின்றன. பெட்டி இருக்கும் பக்கம். பிடிக்கவில்லை.

பிளாவியாவின் குரல்: "மாமா, கயித்த விட்டுட்டு இப்படி வாங்க. நாம படகுலதான் இருக்கோம்."

நாம? நான் கடலுக்கடியில் கிடக்கிறேன். படகில் அவளும் கொஸ்மாஸும். 'நாங்க' என்றல்லவா சொல்ல வேண்டும்? கேட்பவனையும் சேர்த்துக்கொண்டு 'நாம' என்று சொல்ல, நான் என்ன படகிலா உட்கார்ந்திருக்கிறேன்? யோசித்துப் பார்த்தால், அவளும் ஆரோக்கியமும் சேர்ந்து முங்கியபோது கடலடியில் பேசியதை மட்டும் கேட்ட ஒன்றுக்கு 'நாம' மட்டும்தான் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் பிறகு தோன்றியது. அப்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏட்டி, 'நாம' இல்ல, 'நாங்க'ன்னு சொல்லு" என்று திருத்திவிட்டேன்.

பிறகு அதே குரல், பாறைப் பக்கமிருந்து: "நாங்க படகுலதான் இருக்கோம், மாமா."

பதிவு 4. 7.40.

விளக்கைத் திருப்பினேன். பெட்டியைச் சுற்றி மீன்கள் வட்டம் கட்டி நிற்கின்றன. பக்கத்தில் மணலில் ஒற்றைக் கால்துடுப்பு. ஆரோக்கியத்தினுடையது, போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார். காதுவலியாம்!

அணைக்கவில்லை. திரும்புகிறேன். கடல் சக்கரவர்த்திகளும் சில சமயம் திரும்புவார்கள்.

பதிவு 5. 7.50. ஆழம் பத்து மீட்டர். கயிறு.

கீழேயிருந்து ஒரு குரல். என் குரல்.

"பிளாவியா! சுறா வாலைப் பிடிச்சு வச்சிருக்கேன் புள்ள, கால் மாட்டிக்கிச்சு, ஓடி வா!"

பிளாவியா: "மாமா! அசையாதிய, வாரேன்!"

கொஸ்மாஸ்: "சளியோட முங்காத புள்ள, காது போயிரும்!"

நான்: "ஏட்டி, குதிக்காத! நான் கயித்துல வாரேன்!"

கீழே: "அது பெட்டி பேசுது. நம்பாத. நாந்தான் மாமா."

பிளாவியா: "யாரு பேசுறிய? எது மாமா?"

நிஜ மாமா நான்தான் என்று காட்டக் கயிற்றை இழுத்தேன். அலையும்தான் இழுக்கிறது, அவளுக்கு என்ன தெரியும்? நான் ஏறி முடிப்பதற்குள் குதித்துவிடுவாள். "திமிங்கலத்தையே அடக்குனவன் சொல்லுதேன்" என்று கத்தினேன். கீழே அது, "ரெண்டு திமிங்கலத்தை" என்றது. என்னைவிட நன்றாக அளக்கிறது. இறங்கியது முதல் ஓயாமல் பேசி, நான்தானே பாடம் எடுத்திருக்கிறேன்.

கால்துடுப்பு மாட்டும் சத்தம் தொலைபேசியில் கேட்கிறது.

பதிவு 6. நேரம் பார்க்கவில்லை.

சொன்னேன்.

"பிளாவியா. எனக்குப் பயமா இருக்கு தாயி. ராத்திரியில நான் முங்குனதே இல்ல. இதான் முத தடவ."

கீழே சத்தம் நின்றது. என்னிடமிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை அது கேட்டதே இல்லை. மேலே இருப்பவர்களும் கேட்டதில்லை.

துடுப்பைக் கழற்றும் சத்தம். பிளாவியா: "மாமா. கயித்த விடாதிய. மெதுவா வாங்க. மூச்சை அடக்காதிய."

பதிவு 7. படகு.

ஏறிவிட்டேன். போர்வை, பால் இல்லாத கட்டஞ்சாயா. கொஸ்மாஸ் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

கண்டெடுத்தவர்களே, கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். சுறா பொய். அதன் மன்னிப்பும் பொய். இருநூறு முறை முங்கியதும், ஏழு கடல் வைத்த வணக்கமும், திமிங்கலமும் பொய். பெட்டியையும் துடுப்பையும் பற்றிச் சொன்னதை நீங்கள் எப்படியும் நம்பப்போவதில்லை, அதையும் பொய்க் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவிலும் ஒரே ஒரு சின்னத் துணுக்கு மெய்: எனக்குப் பயமாக இருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொன்னேன்.

தண்ணீருக்குள் சொன்னேன்.

தொலைபேசியை யாரும் அணைக்கவில்லை. இப்போது அதில், கீழேயிருந்து, என் குரல் நடுங்குகிறது. "எனக்குப் பயமா இருக்கு தாயி. இதான் முத தடவ."

பிளாவியாவின் கை கால்துடுப்பைத் தேடிப் போகிறது. நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.