சலவை அறைப் பாட்டும் நாலாவது சிடியும்

மார்ச் 3, செவ்வாய்

வேலை செய்யும் இடத்துப் பாட்டுக்கென்று வானொலியில் ஒரு நிகழ்ச்சி தொடங்குகிறார்களாம். ஆஸ்பத்திரிச் சலவை அறையில் துணி மடித்துக்கொண்டே பாடுகிற நாங்கள் ஆறு பேரும் எழுதிப் போட்டோம். அனுப்புங்கள் என்று பதில் வந்துவிட்டது. ஆனால் சிடியில்தான் வேண்டுமாம், அடுத்த செவ்வாய்க்குள். "வீட்ல கம்ப்யூட்டர் வச்சிருக்கறவ நீ ஒருத்திதான்" என்று இஸ்திரி அக்கா என் தலையில் கட்டிவிட்டாள். நானும் மண்டையை ஆட்டிவிட்டேன். எனக்கு அதில் கடிதம் அடிக்க மட்டும்தான் தெரியும்.

மார்ச் 4, புதன்

இயந்திரங்களை நிறுத்திவிட்டு செல்போனில் மூன்று பாட்டு பதிவு செய்தோம். இரண்டாவதில் யாரோ தும்முகிறார்கள். நான்தான்.

மார்ச் 5, வியாழன்

நம் கம்ப்யூட்டரில் சிடி போடும் இடமே இல்லை. வெளியே வைக்கிற பெட்டி ஒன்று வாங்கி வந்தேன், நாலு வெற்று சிடியும். பெட்டியைச் செருகினால் விளக்கே எரியவில்லை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "முன்னாடி வேணாம், பின்னாடி இருக்கற ஓட்டையில குத்திப் பாரு" என்றார். எரிந்தது. சிடி எழுதும் மென்பொருளை ஒரு சிடியில் வைத்தே கொடுத்திருக்கிறார்கள். நிறுவினேன். அடுத்து, அடுத்து, சம்மதம், சம்மதம். கல்யாணத்தில்கூட நான் இத்தனை தடவை சம்மதம் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

முதல் சிடியை நேற்றே எழுதி, இன்று பெருமையாக எடுத்துப் போனேன். சலவை அறைப் பிளேயரில் தட்டு சுற்றுகிறது, சத்தத்தைக் காணோம். "நம்ம பாட்டக் கேட்டு அதுக்கே வாயடைச்சுப் போச்சு" என்றாள் இஸ்திரி அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் கண் கலங்கியது.

மார்ச் 7, சனி

விஷயம் பிடிபட்டது. நான் 'டேட்டா' என்பதை அழுத்தியிருக்கிறேன். அது பாட்டை அலமாரியில் பூட்டுகிற மாதிரி; பிளேயர் பாட 'ஆடியோ' என்பதை அழுத்த வேண்டும். அழுத்தினேன். முக்கால்வாசி எழுதும்போது கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது. ரெண்டாவதும் போச்சு. மூணாவது எழுதி முடிந்தது, ஆனா பாட்டுக்கு விக்கல். எழுதின வேகம் அதிகமாம். இன்னும் ஒண்ணுதான் மிச்சம். யாரு என்னைத் தலையாட்டச் சொன்னா? — இவர் கெட்டுப்போன சிடி மேல் காபி டம்ளரை வைத்துக் குடிக்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

ஆடியோ. இருப்பதிலேயே குறைந்த வேகம். கம்ப்யூட்டர் தூங்காதபடி அமைப்பை மாற்றினேன். இவர் கதவைச் சாத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார், அவர் மூச்சில்தான் சிடி கெட்டுவிடும் போல.

கீழ்வீட்டு டாக்ஸிக்காரரின் காரில் சிடி பிளேயர் உண்டு. மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம்.

பாடியது.

"இதுல உன் குரல் எது?" என்றார் இவர். காட்டினேன். திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னார். இருபத்தேழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் பாடி அவர் கேட்டது இன்றைக்குத்தான்.

மார்ச் 9, திங்கள்

வானொலி நிலையத்தில் நேரிலேயே கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்ட பெண்ணிடம், "சாய்க்காம வைங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு அப்படிச் சொன்னேன்?

மார்ச் 26, வியாழன்

பதினொன்றரைக்கு ஒலிபரப்பினார்கள். மூன்று பாட்டும், தும்மலோடு. மடிப்பு மேசையைச் சுற்றி நின்று கேட்டோம். நடுவில் மேனேஜர் வந்தார். இயந்திரம் ஒன்றுகூட ஓடவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, வந்த வேலையைச் சொல்லாமலே போனார்.

மார்ச் 31, செவ்வாய்

மதியம் மேனேஜர் மறுபடி வந்தார். "ஆபரேஷன் தியேட்டர் விரிப்பு ரெடியா?" என்றார். ரெடி என்றேன். போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கட்டைக் குரல்ல பாட ஆள் இருக்காங்களா?" என்றார்.

இஸ்திரி அக்கா ஒரு போர்வையின் மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள். மனிதருக்கு மடிக்கவே தெரியவில்லை. பாட வருகிறது.