தடுப்பாட்ட வீரருக்கு நான் சொன்ன பொய்

அவையோரே! கழகத் தோழர்களே! அழுது கலைவதற்காக மட்டும் நாம் இங்குக் கூடவில்லை. இதே மண்டபத்தில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. அதை நிகழ்த்திய நாக்கு என்னுடையது. மறைந்த நம் அண்ணருக்கு நான் எழுதிய மடலை உங்கள் முன் படிக்கிறேன். கேளுங்கள்.

அண்ணா,

இன்று காலை உடைமாற்றும் அறையைத் திறந்ததும் நீங்கள் முழங்காலில் தேய்க்கும் நோவெண்ணெயின் மணம் முகத்தில் அறைந்தது. நீங்கள் போய் நாற்பது நாளாகியும் அந்த மணம் இன்னும் போகவில்லை. நீங்கள் அமரும் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குரோவாசியாவில் பதினொரு ஆண்டுகள் தொழில்முறைக் கால்பந்து ஆடியவர் நீங்கள். கடலோர நகரில் தொடங்கித் தலைநகர்வரை பின்வரிசையின் நடுவே நின்றவர். உங்கள் நாட்டுப் போர் ஓய்ந்தபின் ரொறன்ரோ வந்து, வெதுப்பகத்தில் எங்களோடு மாமூட்டை சுமந்தீர்கள். மூட்டையோடு யாழ்ப்பாணத் தமிழையும் தூக்கிக்கொண்டீர்கள். ஞாயிறுதோறும் எங்கள் கழகத்துக்கும் ஆடினீர்கள்.

"பதினொரு வருசத்திலை எத்தினை கோல் அண்ணை?" என்று சீண்டுவோம்.

"ரண்டு. அதிலை ஒண்டு எங்கடை வலைக்குள்ளை!" சிரிப்பு அடங்கியபின் மெல்லச் சொல்வீர்கள்: "தடுத்த கோலை ஆரும் எழுதி வைக்கிறேல்லை, தம்பி."

பின்வரிசையில் இருவர் நிற்கும் முறையை நீங்கள்தாம் கற்பித்தீர்கள். ஒருவன் பந்துக்குப் பாய்ந்தால், அவன் விட்ட இடத்துக்கு மற்றவன் சொல்லாமலே நகர வேண்டும். உங்களுக்கு அப்படி நகர்ந்த தோழர் ஒருவர் இருந்தார் என்பதற்கு மேல் எதையும் அப்போது நீங்கள் சொன்னதில்லை.

பிறகு 2009இல் எங்கள் வைகாசி வந்தது. முள்ளிவாய்க்கால் எரிந்தது. நாளெல்லாம் ரொறன்ரோ வீதிகளில் நின்று முழங்கிவிட்டு, வெறிகொண்ட நெஞ்சோடு கழகக் கூட்டத்துக்கு வந்தேன். அங்கே நம் பந்துக்காப்பாளர் எழுந்தார். "என்ரை அம்மா அதுக்குள்ளை நிக்கிறா. சனத்தை வெளியிலை விடுங்கோ எண்டு ஆமிக்கும் இயக்கத்துக்கும், ரண்டு பக்கத்துக்கும் நாங்கள் சொல்லவேணும்" என்றார்.

"இரண்டகன்! துரோகி!" என்று இடிபோல் முழங்கினேன். அவர் இனி இக்கழகத்தின் வாசல் மிதிக்கக்கூடாது என்ற தீர்மானத்தை நானே எழுதினேன். கைகள் எல்லாம் உயர்ந்தன. உங்கள் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

"அம்மாவைக் கேட்டது துரோகமோ அண்ணை?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, கையுறைகளை மேசையில் வைத்து அவர் போனார். அவர் தாய் திரும்பவே இல்லை.

அன்று உங்கள் காரில் என்னை ஏற்றினீர்கள். எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டும் கதவுப் பூட்டைத் திறக்கவில்லை.

"என்ரை கூட்டாளி செர்பியன். ஏழு வருசம் பக்கத்திலை நிண்டவன். சண்டை துவங்கினவுடனை உடுப்பு மாத்திற அறையிலை, எல்லாருக்கும் முன்னாலை, நீ இண்டைக்குச் சொன்ன அந்தச் சொல்லாலை நான் அவனைச் சொன்னன். சப்பாத்தை எடுத்துக்கொண்டு போனான். சண்டை முடிய மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போட்டன். அவன்ரை தங்கச்சிதான் பதில் போட்டவ. அவன் செத்து ரண்டு வருசமாம்." முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "எங்கடை கோல்கீப்பரட்டை நாளைக்குப் போ, தம்பி. அவன்ரை வீடு மில்லிக்கனிலைதானே. இருவது நிமிசம்."

மறுநாள் நான் போகவில்லை, அண்ணா. மேடையில் உரைத்ததை வீட்டு வாசலில் நின்று விழுங்க என் செருக்கு இசையவில்லை. ஆண்டுகள் போயின. அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகக் கார் ஓட்டப் பழகினேன்.

மருத்துவமனையில், கடைசி வாரம், என் விரலைப் பிடித்தீர்கள்.

"அவனட்டைப் போனனியோ?"

"ஓம் அண்ணை. போனன். கதைச்சனான்."

உங்கள் முகம் தெளிந்தது. "தேத்தண்ணி தந்தவனோ?" என்றீர்கள்.

"தந்தவன்."

"சீனி?"

"கூடப் போட்டிட்டான்" என்றேன். சிரித்தீர்கள். சிரித்தபடியே கண்ணயர்ந்தீர்கள்.

ஆயிரம் மேடைகளில் முழங்கிய இந்த நாக்கு அன்று சொன்ன அந்தச் சில சொற்களைப்போல் எதுவும் என்னைச் சுட்டதில்லை. நீங்கள் தந்த பாடத்தைச் சுமக்கிறேன் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் சுமப்பது, போகாத ஒரு வீட்டில் குடிக்காத ஒரு கோப்பைத் தேநீரை. நீங்கள் நம்பிப் போய்விட்டீர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை, அண்ணா.

அவையோரே! மடல் முடிந்தது. இப்போது உங்களைக் கேட்கிறேன். நான் உள்ளே வரும்போது வெளியே வண்டித் தரிப்பிடத்தில், பனியில், ஒரு காரின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கறுப்புச் சட்டையோடு அந்தப் பந்துக்காப்பாளர் இருந்தார். நம் அண்ணருக்காக வந்தவர், நம் தீர்மானத்துக்காக வாசலைத் தாண்டாமல் இருக்கிறார். நானும் கண்ணாடியைத் தட்டாமலே வந்துவிட்டேன்.

செயலாளரே, அந்தத் தீர்மானத்தைக் கிழியுங்கள். அடுத்த கூட்டத்தில் அல்ல, இப்போதே. மன்னிப்பை நான் கேட்கிறேன். அது என் கடன். ஆனால் அன்று கையுயர்த்திய ஒவ்வொருவரும் எழுந்து என்னோடு வெளியே வாருங்கள். அவர் வண்டியை எடுத்துவிடுமுன் வாருங்கள்!