நார்மல் என்று எழுதிய ட்யூப்

2003 ஜூலை 9, புதன்
விடாத மழை. புனேயின் அந்தக் கோடி ஔந்திலிருந்து லேபுக்கு ஸ்கூட்டரில் வருவதற்குள் சல்வாரெல்லாம் சேறு.

எலியின் தைமஸ் செல்களை, செல் எண்ணும் மெஷினில் ஓட்டி முடித்தாயிற்று. அழகான படம். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற சுரப்பி. அதற்குள் சி.டி.4, சி.டி.8 என்ற இரண்டு அடையாளப் புரதங்களையும் மேலே சுமந்து திரியும் செல்கள். ஒன்றை விட்டுவிட்டு, கிருமிகளை எதிர்க்கும் டி செல்லாக வெளியே வருபவை கொஞ்சம்தான், மற்றவை உள்ளேயே சாகும். இத்தனை வருடமாகியும் அலுக்கவில்லை.

நாளை மனித ரத்தம். ஒப்பிட ஒரு நார்மல் குழந்தை வேண்டும். குட்டிக்கு இருமலுக்காக ரத்தம் எடுத்தபோது டாக்டரிடம் கேட்டு கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். வீட்டில் சுரேஷ்: "பெத்த புள்ளையையும் லேபுக்கு இழுத்தாச்சா?" குட்டிக்கு நாலு மாதம் முடிகிறது, இருமல்தான் விட்டபாடில்லை.

ஜூலை 10, வியாழன்
எரிச்சல். குட்டியின் ட்யூபில் சி.டி.3 இல்லை. டி செல் என்றால் அதன் மேல் அது இருந்தே ஆக வேண்டும். அதைக் காட்டும் சாயத்தைப் போட மறந்துவிட்டாள் என்று டெக்னீஷியன் மாலதி மேல் எரிந்து விழுந்தேன். இங்கே கட்கியில் பிறந்து வளர்ந்த பெண், தமிழில் இந்தி கலந்துவிடும். "அரே அக்கா, நான் போட்டேன், சச்சி, நிஜமா." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நாளை நானே போடுகிறேன்.

வாங்க: கொத்தமல்லி, சோப்பு, குட்டிக்கு வாய்ப்புண் மருந்து. நாக்கில் மறுபடி வெள்ளை.

ஜூலை 11, வெள்ளி
நானே போட்டேன். பக்கத்து ட்யூபில் என் ரத்தம், அதே சாயம். என்னுடையதில் சி.டி.3 கொத்தாக. குட்டியுடையதில் பி செல்கள் உண்டு, டி செல் இருக்க வேண்டிய இடம் காலி. ட்யூபில் மாலதி கையெழுத்து: "நார்மல்".

மன்னிப்புக் கேட்டேன். "வேற மெஷின்ல பாக்கலாம் அக்கா" என்றாள். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. பயமாக இருக்கிறது. சுரேஷிடம் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி
மழை விட்டு வெளிச்சம். குட்டியின் எக்ஸ்ரேயை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். போன வாரம் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், நானும் பார்த்து நிம்மதியாக உறைக்குள் போட்டதுதான். நுரையீரலை மட்டும் பார்த்திருக்கிறேன். இந்த வயதில் இதயத்துக்கு மேலே தைமஸ் பெரிய நிழலாகத் தெரிய வேண்டும். இல்லை. தினமும் தைமஸைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன், சீ.

டாக்டருக்கு போன். உடனே வரச் சொன்னார். உயிருள்ள தடுப்பூசி ஏதாவது போட்டிருக்கிறதா என்று கேட்டார். பிறந்தவுடன் பி.சி.ஜி. உயிருள்ள காசநோய்க் கிருமி, பலவீனமாக்கியது. டி செல் இருக்கிற குழந்தையை ஒன்றும் செய்யாது.

இருமலுக்காகப் போகிறோம் என்று சுரேஷிடம் சொல்லிவிட்டுக் குட்டிக்குச் சட்டை மாற்றினேன். ஊசி போட்ட தோளில் புண் இன்னும் ஆறவில்லை, ஈரம். அக்குளில் விரலுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. சுரேஷ் எட்டிப் பார்த்தார். "அது ஒண்ணுமில்ல ராதா. ஊசி நல்லாப் புடிச்சிருக்குன்னு அன்னைக்கே நர்ஸ் சொன்னாங்கல்ல."