ரிப்பீட் ஆர்டர் வந்துவிட்டது, அக்கா

அக்கா,

புதன்கிழமை மத்தியானம் உங்கள் பார்சல் வந்தது. கொரியர்காரர் அதைச் செக்கிங் டேபிள் மேல் வைத்துவிட்டு, "இந்தப் பேர்ல இங்க யாருங்க?" என்று கேட்டார். பெட்டியில் உங்கள் பெயர், அதற்குக் கீழே நல்லூரில் இருக்கும் என் பனியன் யூனிட் முகவரி. பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்று எப்போதும் என் விலாசத்தைத்தானே கொடுப்பீர்கள். கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தேன். பிறகு "நான்தானுங்க" என்று சொல்லி உங்கள் பெயரை எழுதி வாங்கிக்கொண்டேன்.

கத்திரியால் பெட்டியைக் கீறியதும் அந்த வாசனை வந்தது. புது ரெயின்கோட்டைப் பிரித்தால் வருமே, அதோடு கொஞ்சம் அச்சு மையும் சேர்ந்த வாசனை. நீங்களாக இருந்தால் இசைத்தட்டைப் போட்டுப் பாட்டைக் கேட்பதற்கு முன்னால் அட்டைக்குள் மூக்கை விட்டிருப்பீர்கள். "ஏட்டி, இத மோந்து பாரு" என்று என் மூஞ்சியிலும் அழுத்தியிருப்பீர்கள். நானே மோந்து பார்த்தேன். செக்கிங் பெண்கள் நாலு பேரும் கையில் பனியனை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். வெட்கம் மானம் எல்லாம் போய், அட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மஞ்சள் அட்டை வந்துவிட்டது, அக்கா. நீங்கள் போய் நாலு மாதம் ஆனபிறகு வந்திருக்கிறது.

நீங்கள் முதல்முதலாக என் யூனிட்டுக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எனக்குப் பன்னிரண்டு தையல் மெஷின். நீங்கள் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்தேன். நீங்கள் அந்தக் கம்பெனியின் க்யூ.சி., தரம் பார்க்கிற ஆள். வந்ததும் ஒரு பனியனை உதறிப் பார்த்து, "என்னட்டி இது, தோள் தையல் பாம்பு மாதிரி போவுது?" என்றீர்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஏனுங்க, மொத நாளே ட்டி போட்டுப் பேசறீங்க?" என்றேன். "எங்க ஊருல பிரியம் இருந்தாத்தான் அப்படிப் பேசுவோம். நீ நாய்க்குட்டியக்கூட வாங்க போங்கன்னு கூப்பிடுத ஊருக்காரி, ஒனக்கு எங்க புரியும்?" என்று சொல்லிச் சிரித்தீர்கள். லாட் முழுவதையும் திருப்பிவிட்டுத்தான் போனீர்கள். நான் பிரித்துத் தைத்தேன். அடுத்த வாரம் நீங்களே ஒரு பை நிறையக் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்து தந்தீர்கள்.

உங்களிடம் இருந்த அந்தப் பழைய மஞ்சள் அட்டைத் தட்டு ஒரு வெள்ளைக்கார அம்மாள் கொடுத்தது. துணி வாங்குகிற பையர் தரப்பிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை சரக்குப் பார்க்க வருகிறவர், வேலையிலிருந்து ஓய்வு பெறும் வருடம் உங்கள் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் தொப்பி போட்ட ஒரு கறுப்பின மனிதர் கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோன் வாசிக்கிற படம். ஜாஸ் என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ஒரு பிளேயரைத் தேடிப் பிடித்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கேட்டோம்.

"அக்கா, ஆளுக்கொரு பக்கம் இழுத்துட்டுப் போறாங்களே, சண்டையாட்ட இருக்குதுங்களே" என்றேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னீர்கள்: "நம்ம தையல் லைன் மாதிரிதான்ட்டி. ஓவர்லாக் மெஷின் ஒரு சத்தம், பிளாட்லாக் மெஷின் ஒரு சத்தம். எவளும் எவளையும் நிமிந்து பாக்க மாட்டா. கடைசியில பனியன் ஒண்ணுதான வருது." அதற்குப் பிறகு எனக்கும் காது திறந்துகொண்டது.

அப்புறம் உங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. ஊர் ஊராக இருக்கிற இசைத்தட்டுக்காரர்களின் குழு ஒன்றில் போய்ச் சேர்ந்தீர்கள். அத்தனையும் ஆண்கள். உங்களையும் 'சார்' என்றே எழுதுவார்கள், நீங்களும் திருத்தவில்லை. பழைய ஜாஸ் தட்டுகளை மூல டேப்பிலிருந்து எடுத்துப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டீர்கள். அதற்கு நீங்கள் வைத்த பெயர் ரிப்பீட் ஆர்டர். "மொத ஆர்டர் எப்படிப் போச்சோ, அதே மாதிரி ரிப்பீட்டும் போவணும். சீல் போட்ட சாம்பிளோட ஒப்பிட்டுப் பாக்காம எவனாவது நல்லா இருக்குன்னு சொன்னா நம்பாத" என்பீர்கள். குழுவில் ஒருவருக்கொருவர் பிடித்த மறுபதிப்புகளைப் பட்டியல் போட்டு அடித்துக்கொள்வார்கள். நீங்கள் அதை எனக்கு வாசித்துக் காட்டி, யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்வீர்கள்.

முதல் மறுபதிப்பு வந்த அன்றைக்கு அட்டையில் தட்டின் எடை 180 கிராம் என்று போட்டிருந்ததைப் பார்த்து நீங்கள் துள்ளிக் குதித்ததை மறக்கவே மாட்டேன். "ஏட்டி, நம்ம ரவுண்ட் நெக் துணியோட எடை, அதே ஜி.எஸ்.எம். தான்ட்டி இது!" கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தொட்டு அதன் எடையைச் சொல்கிற கை உங்களுடையது. கம்பெனியில் தராசில் வைத்துப் பார்ப்பார்கள், ஐந்து கிராம்கூட வித்தியாசம் வராது. அந்தக் கைமேல் உங்களுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமா? "இந்தக் கை பாத்துப் போன சரக்கு ஒண்ணுகூட திரும்பி வந்தது கிடையாது" என்று விரலை விரித்துக் காட்டுவீர்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. எட்டு வருடமாகச் சொல்லாதது.

தைக்கும்போது ஊசி உடைந்தால் என்ன சட்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். துண்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசி என்று காட்ட வேண்டும். ஒரு துளி குறைந்தாலும் அந்தத் துணிக்கட்டு வெளியே போகக் கூடாது. குழந்தை போடுகிற துணியில் முனை இருந்தால் என்ன ஆகும்?

அந்தச் சனிக்கிழமை ஏழாம் நம்பர் மெஷினில் ஊசி உடைந்தது. முனை கிடைக்கவில்லை. காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் தேடினோம். கட்டிலிருந்த துணியை ஒவ்வொன்றாக உதறினோம். வாசலில் வண்டி நிற்கிறது, கம்பெனியிலிருந்து போன் மேல் போன். நான் என்ன செய்தேன் தெரியுமா? டப்பாவில் கிடந்த வேறொரு ஊசியின் முனையை எடுத்து ஒட்டிவிட்டேன். உற்றுப் பார்த்தால் தெரியும், அது ஒரு நம்பர் தடிமன் கூட. சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். பக்கத்தைத் திருப்பி, பார்க்காமலே கையெழுத்துப் போட்டீர்கள். "நீ ஒட்டியிருந்தா நான் என்னத்தட்டி பாக்க?" என்றீர்கள். வண்டி போய்விட்டது. கம்பெனியில் இரும்பைக் கண்டுபிடிக்கிற மெஷினில் எப்படியும் மாட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாலும், அந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல உங்கள் வீட்டுக்குத் தட்டைத் துடைக்க வேஸ்ட் துணி கொண்டுவந்தேன். ஊருக்கெல்லாம் வண்டி துடைக்கவும் கை துடைக்கவும் பனியன் வேஸ்ட்தானே. உங்கள் தட்டுக்கு மட்டும் வெள்ளை இன்டர்லாக் துணி, பூப்போல இருக்கும், பொறுக்கி எடுத்து வருவேன். அன்றைக்கு எடுத்தது ஏழாம் நம்பர் மெஷின் கூடையிலிருந்து. புத்தி எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. நீங்கள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் மஞ்சள் அட்டையிலிருந்து தட்டை எடுத்து அழுத்தித் துடைத்துவிட்டு, பிளேயரில் வைத்தேன்.

நீங்கள் வந்து பிளேயர் ஊசியை இரண்டாவது பாட்டில் வைத்தீர்கள். அப்போதுதான் சிக்குன்குனியா வந்து எழுந்திருந்தீர்கள், விரல் மடங்காது. கை லேசாக நழுவி, ஊசி கொஞ்சம் சத்தமாகத்தான் இறங்கியது. அந்த இரண்டாவது பாட்டில் சாக்ஸபோன் படிப்படியாக மேலே ஏறும் இடம் வந்ததும், டக்கென்று தாண்டிக் குதித்தது. மறுபடி வைத்தீர்கள். மறுபடியும் அதே இடத்தில் குதித்தது. தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தீர்கள். விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

"போச்சுட்டி. என் கைதான் கீறிட்டு" என்றீர்கள்.

அந்த நேரத்தில் என் மடியில் இருந்த துணியை மடித்தேன். விரலில் சுருக்கென்று ஏறியது. பார்த்தேன். ஊசி முனை.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம், அக்கா. எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது, முனை இங்கே இருக்கிறது என்று. அதற்கு அடுத்த மூச்சில்தான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. நீங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் விரலை மூடிக்கொண்டேன். சொன்னால் சனிக்கிழமை ஒட்டியதையும் சொல்ல வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்ட பக்கம் அது. சொன்னால் நீங்கள் கம்பெனியில் எழுதிக் கொடுத்தே தீருவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? என் பன்னிரண்டு மெஷினும் நிற்கும். "உடுங்க்கா, வயசான தட்டு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். அதுதான் என் வாயிலிருந்து வந்தது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் நீங்கள் ஊசியைத் தொடவில்லை. "நீயே வை. என் கைய இனிமே நம்பாத" என்றீர்கள். சிக்குன்குனியா மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது. கம்பெனியில் பழையபடி துணியைத் தொட்டு எடை சொன்னீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், நான் ஊசியை வைப்பேன். உங்கள் தட்டு, உங்கள் பிளேயர், என் கை. நான் வைத்ததும் "ஒன் கைதான்ட்டி கை" என்பீர்கள். ஒவ்வொரு தடவையும் அது என்னைச் சுட்டது. குழுவில் ஒருவர் உங்களிடம் இருப்பது முதல் பதிப்பு என்று தெரிந்து ஆச்சரியப்பட்டபோது, "கீறல் உண்டு, என் கை செய்த வேலை" என்று எழுதினீர்கள். அதையும் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். நான் அன்றைக்கும் சொல்லவில்லை.

அந்தக் குதிக்கும் இடத்தில் என்ன இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இல்லை, எனக்கும் இல்லை. அத்தனை ஞாயிறு கேட்டும் அந்த இடத்தில் காதைக் கொடுக்காமல் விட்டிருக்கிறோம் பாருங்கள். "அங்கதான்ட்டி அவன் உச்சிக்கு ஏறியிருப்பான்" என்பீர்கள். ஊசி குதிக்கும்போது அந்த ஓட்டையை அடைக்கிற மாதிரி "தா... ரா... ரீ..." என்று மேலே ஏற்றி நீங்களே ஒன்று பாடுவீர்கள். வர வர எனக்கு அது இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை என்று ஆகிவிட்டது.

மஞ்சள் அட்டைக்கு மறுபதிப்பு வரப் போகிறது என்று குழுவில் செய்தி வந்த அன்றைக்கு எனக்குப் போன் போட்டீர்கள். மூச்சு வாங்கியது. "ரிப்பீட் ஆர்டர் வருதுட்டி! அந்த எடத்தக் கேட்டுட்டு நான் செத்தாலும் பரவாயில்ல" என்றீர்கள். "என்ன பேச்சுங்க்கா இது, வாயக் கழுவுங்க" என்று திட்டினேன். தட்டு வந்ததும் சொல்லிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். புதுசு கையில் இருந்தால் கோபம் கொஞ்சம் குறையும் என்று ஒரு கணக்கு.

நீங்கள் முன்கூட்டியே பணம் கட்டியும் தட்டு வெளிவருவது தள்ளிப் போனது. நீங்கள் காத்திருக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கம்பெனிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நானும் வந்தேன். உங்கள் தம்பி வந்து வீட்டை ஒழித்தபோது, "இந்தத் தட்டெல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்க, எங்களுக்கு இது எதுக்கு?" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். பிளேயர் இப்போது என் வீட்டில் இருக்கிறது.

நேற்று ஞாயிறு. இரண்டு மஞ்சள் அட்டையையும் டியூப்லைட்டுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதுசு ஒரு ஷேடு வெளிறல். நீங்கள் அப்ரூவ் செய்திருக்க மாட்டீர்கள். தட்டு கனமாக, கறுகறுவென்று இருக்கிறது. நான் துடைக்கவில்லை. ஊசியை வைத்தேன்.

அவர் உச்சிக்கு ஏறவில்லை, அக்கா. அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிடுகிறார். நாலு நொடிகூட இருக்காது. டிரம்மில் பிரஷ் தேய்க்கிற சத்தம் மட்டும் வருகிறது, எங்கேயோ ஒரு ஆள் மூச்சு இழுக்கிறார், அவ்வளவுதான். ஊசி ஒன்றுமே தெரியாதது போல வழுக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சும்மா இருக்கிற இடத்தில் என் வாய் தானாக "தா... ரா... ரீ..." என்றது.

பழைய ரிஜிஸ்டர்களை எல்லாம் எடைக்குப் போட்டாலும் அந்த ஒன்றை மட்டும் நான் போடவில்லை. பீரோவிலிருந்து எடுத்தேன். எட்டு வருடமாக என் பர்ஸில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த முனையையும் எடுத்தேன். தப்பான முனையைப் பிரித்துவிட்டு இதை வைத்தேன். கச்சிதமாகச் சேர்ந்தது. டேப் போட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு புது வரி எழுதினேன்: 'ஏழாம் நம்பர் மெஷின். முனை கிடைத்தது. இசைத்தட்டைத் துடைத்த துணியில் இருந்தது. துடைத்தது நான்.' கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

சரிபார்த்தவர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. பார்க்காமலே போடுவதற்கும் ஆள் இல்லை.

உங்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா. கடைசிவரைக்கும் அது நல்ல கையாகத்தான் இருந்தது.